தவறுதலாக வெடிக்கும் துவக்கு: அந்த நொடிக்கு முன் நடப்பவை

காவலரணில் நின்ற சிப்பாயின் துப்பாக்கி தவறுதலாக இயங்கியதில் ஒருவர் காயம், வங்கிக் காவலாளியின் துவக்கு தவறுதலாக வெடித்ததில் ஒருவர் பலி என்ற வகையான செய்திகள் யாழ்ப்பாணத்து வாசகருக்குப் புதியவை அல்ல. மூன்று நான்கு வரிகளில் முடியும் அச்செய்திகளின் கடைசி வரி, மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர் என்பதாக இருக்கும். அந்த விசாரணையில் என்ன தெரியவந்தது என்பது பெரும்பாலும் அச்சேறுவதில்லை. தவறுதலாக நடந்தது என்றவுடன், இடி விழுந்ததைப் போல மனிதக் கைக்கு அப்பாற்பட்ட ஒன்று நடந்துவிட்டதாக நாமும் ஏற்றுக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஒரு துவக்கு தவறுதலாக ஒருவரைக் காயப்படுத்துவதற்கு மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் ஒன்றுகூட வேண்டும்: வெடிக்கும் அறைக்குள் ஒரு ரவை இருக்க வேண்டும், அந்த ரவையின் அடியை ஊசி தாக்க வேண்டும், குழலின் வாய் ஒரு மனிதனை நோக்கியிருக்க வேண்டும். இவற்றுள் எந்த ஒன்று இல்லாவிட்டாலும் உயிர்ச்சேதம் இல்லை. இம்மூன்றும் ஒன்றுசேர்வது கவனம் சிதறிய ஒரு கணத்தில் என்று தோன்றினாலும், அவற்றுக்கான ஏற்பாடு பல மணி நேரத்துக்கு முன்பே, சில வேளைகளில் பல நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். விபத்தைத் தடுப்பதும் அந்த முன்னேற்பாட்டில்தான் இருக்கிறது.

முதலில் பொறிமுறையைப் பார்ப்போம். ரவை ஒன்றின் கோதுக்கு அடியில் ‘கேப்’ எனப்படும் சிறு கிண்ணம் பதிக்கப்பட்டிருக்கும். அதிலுள்ள வெடிமருந்து சூட்டைவிட அடிக்கே அதிகம் இணங்குவது. விசையை அழுத்தியதும் அதுவரை ஒரு சிறு பல்லால் தடுத்து வைக்கப்பட்டிருந்த ‘குதிரை’ எனப்படும் சிறு சுத்தியல் விடுபட்டு ஊசியை அடிக்க, ஊசி கேப்பை அடிக்க, அங்கு எழும் தீப்பொறி கோதினுள் உள்ள மருந்தைப் பற்றவைக்கிறது. பழுதற்ற, நல்ல வடிவமைப்புள்ள நவீன ஆயுதத்தில் இந்தச் சங்கிலி விசையில் தொடங்காமல் வேறெங்கும் தொடங்குவதில்லை. எனவே துவக்கு தானாகவே வெடித்தது என்ற கூற்றை முதலில் ஐயத்துடன்தான் அணுக வேண்டும்.

ஐயத்துடன் என்றேனே தவிர, முற்றாக நிராகரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பெருமளவில் உற்பத்தி செய்த ஸ்டென் துப்பாக்கி, அடிக்கட்டை நிலத்தில் பட விழுந்தால் வெடிப்பதற்குப் பெயர்போனது. ரவையை அறைக்குள் தள்ளும் அதன் கனத்த உள்ளுருளை விழுந்த வேகத்தில் பின்னால் நகர்ந்து, திரும்பி முன்னால் வரும்போது ஒரு ரவையையும் இழுத்துக்கொண்டு வந்து சுட்டுவிடும். 1944இல் அமெரிக்கக் கடற்படையின் மாலுமி ஒருவர், கப்பல் தளத்தில் விழுந்த ஸ்மித் அன்ட் வெசன் ரிவோல்வர் வெடித்து இறந்தார். குதிரையின் பின்புறத்தில் விழுந்த அடி நேராக ரவைக்குப் போய்ச் சேர்ந்ததே காரணம் என்று கண்ட அந்நிறுவனம், விசை முழுமையாக அழுத்தப்பட்டாலன்றிக் குதிரை ரவையை எட்டாதபடி குறுக்கே ஒரு தடுப்பை உள்ளே வைத்துப் புதிதாக வடிவமைத்தது. இன்றைய கைத்துப்பாக்கிகளில் ஊசியையே பிடித்து வைக்கும் தடுப்புகள் பொதுவாக உள்ளன. பழைய ரிவோல்வர் வைத்திருந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, குதிரைக்கு நேரே உள்ள அறையை வெறுமையாக விட்டதற்குக் காரணமும் இந்த விழும் ஆபத்துத்தான்.

எமது கரையோரத்துக்கு உரிய இன்னொரு காரணமும் உண்டு. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஆயுதத்தில் ஊசி முன்னோக்கி நீட்டியபடி இறுகிவிட்டால், தானியங்கித் துப்பாக்கியில் ரவை அறைக்குள் ஏறும்போதே வெடிக்கக்கூடும். விசையின் பல் தேய்ந்திருந்தால் சிறு தட்டலிலும் குதிரை நழுவக்கூடும். துடைத்து எண்ணெயிடாத துவக்கு என்றாவது ஒரு நாள் சுடாமல் போகலாம் என்பது மட்டுமல்ல, கேட்காத நேரத்தில் சுடவும் கூடும்.

இவையெல்லாம் விதிவிலக்குகள். மிகப் பெரும்பாலான சம்பவங்களில் விசையை ஒரு விரல் அழுத்தியிருக்கிறது, அழுத்தியவர் துவக்கு வெறுமையாக இருந்தது என்று நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதுதான் விசாரிக்க வேண்டிய விடயம்.

மகஸின் எனப்படும் ரவைக்கூட்டைக் கழற்றினால் துப்பாக்கி வெறுமையாகிவிடும் என்று துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள் மட்டுமல்ல, நாள்தோறும் தோளில் சுமப்பவர்களும் களைப்பில் எண்ணிவிடுவதுண்டு. கூட்டைக் கழற்றினாலும் ஏற்கெனவே அறைக்குள் ஏறிய ஒரு ரவை அங்கேயே இருக்கும். பிரவுணிங் ஹை-பவர் போன்ற சில கைத்துப்பாக்கிகள் கூடு இல்லாதபோது விசை இயங்காதபடி செய்யப்பட்டவை. குளொக் உட்படப் பல துப்பாக்கிகளில் அத்தகைய தடை இல்லை. இதைவிட வஞ்சகமானது வரிசை மாறுவது. முதலில் கூட்டைக் கழற்றி, பிறகு மேற்பாகத்தை இழுத்தால் அறையிலிருந்த ரவை வெளியே விழுந்து துப்பாக்கி உண்மையிலேயே வெறுமையாகும். அதே இரண்டு செயல்களை மாற்றிச் செய்தால், இழுக்கும்போது பழைய ரவை வெளியே விழும், மேற்பாகம் திரும்பும்போது கூட்டிலிருந்து புதிய ரவை அறைக்குள் ஏறும், அதன் பிறகு கூடு கழற்றப்படும். செய்தவரின் கண்ணெதிரே ஒரு ரவை விழுந்திருக்கிறது, கூடும் கையில் இருக்கிறது. வெறுமை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று அவர் விசையை அழுத்திப் பார்க்கிறார். செய்த வேலைகள் இரண்டும் சரி, வரிசை மட்டும் பிழை என்பதால் அவருக்குத் தான் பிழை செய்ததே தெரியாது. துடைக்கும்போது வெடித்தது என்று சொல்லப்படும் சம்பவங்களில் ஒரு பகுதி இப்படி நேர்வதே. குளொக் போன்றவற்றைக் கழற்றுவதற்கு முன் விசையை அழுத்தியே ஆகவேண்டும் என்பதால், அங்கு இந்தப் பிழைக்கு மன்னிப்பு இல்லை.

இலங்கையில் படையினரதும் பொலிஸாரதும் தோளில் நாம் அதிகம் காணும் ரி-56 துப்பாக்கிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சோவியத்தின் ஏகே-47ஐப் பின்பற்றிச் சீனாவில் செய்யப்பட்ட அதன் வலப்பக்கத்தில் நீண்ட நெம்பு ஒன்று இருக்கும். மேலே இருந்தால் பூட்டு, நடுவில் தொடர்ச் சூடு, கீழே ஒற்றைச் சூடு. நெம்பு மேலே இருக்கும்போது விசை மட்டுமல்ல, இழுபிடியும் முழுத்தூரம் பின்னால் வராது. எனவே அறைக்குள் இருக்கும் ரவையை வெளியே எடுப்பதற்கே பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாக வேண்டும். அதாவது ஆயுதத்தை வெறுமையாக்கும் கணமே அது பூட்டின்றி இருக்கும் கணமாகவும் அமைகிறது. மேலும் இந்தத் துப்பாக்கியில் கடைசி ரவை சுடப்பட்ட பிறகும் உள்ளுருளை மூடிக்கொள்வதால் வெளியே பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. இழுத்துப் பிடித்து, கண்ணால் உள்ளே நோக்கி, இருட்டாக இருந்தால் விரலையும் விட்டுத் தடவிப் பார்ப்பதே வழி.

இராணுவ முகாம்களின் நுழைவாயிலில் மணல் நிரப்பிய பீப்பா அல்லது மணல் மூட்டை அணை வைக்கப்படுவது இதற்காகத்தான். கடமை முடித்து வருபவர் குழலை அந்த மணலுக்குள் நீட்டியபடி ரவையகற்றும் வரிசையை ஒவ்வொன்றாகச் செய்வார். வரிசை பிழைத்தால் ரவை மணலுக்குள் போகும். செய்பவர் பிழைவிடுவார் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடு இது, அதனால்தான் நூற்றுக்கணக்கான அறிவுரைகளைவிட ஒரு பீப்பா மணல் அதிகம் பயன்படுகிறது. பிரித்தானிய இராணுவத்தில் ஒருவருக்கும் காயம் ஏற்படாவிட்டாலும் கவனயீனமாக ஒரு ரவை வெடித்தாலே அது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம்.

மணல் என்று குறிப்பாகச் சொல்வதற்கு எமது மண்ணிலேயே காரணம் இருக்கிறது. குழலைக் கீழே பிடி என்பது பொதுவான அறிவுரை. மணற்காட்டிலோ வடமராட்சி கிழக்கின் மணற்பரப்பிலோ அது சரி. வலிகாமத்தில் செம்மண் படைக்குக் கீழே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது, கீரிமலைப் பக்கம் பாறை வெளியிலேயே தெரிகிறது. ஊர் முழுவதும் சீமெந்துத் தரையும் தார் வீதியும். கடினமான பரப்பில் சாய்வாகப் படும் ரவை தெறித்து எழும்பி, பரப்பை ஒட்டியே தாழ்வாகப் பறக்கும். வீட்டு மதிலும் காப்பு அன்று. உட்குழிவான சீமெந்துக் கற்களால் கட்டிய மதிலை ரி-56இன் 7.62 மில்லிமீற்றர் ரவை துளைத்துக்கொண்டு போகும். பாதுகாப்பான திசை என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதை இடத்துக்கு இடம் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

விரலைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் விசையில் விரல் இருந்தாலும் அழுத்த மாட்டேன் என்ற தன்னம்பிக்கையே பயிற்சி பெற்றவர்களைக் கைவிடுவது. அமெரிக்க உடலியங்கியலாளர் ரொஜர் ஈனோகா, தன்னையறியாமல் கை இறுகும் மூன்று நிலைகளை இவ்விடயத்தில் எடுத்துக்காட்டியுள்ளார். ஒரு கையால் எதையாவது வலுவாகப் பற்றும்போது மற்றக் கையும் தானாக இறுகுவது முதலாவது. ஓடிக்கொண்டிருப்பவரின் சட்டையை இடக்கையால் பிடிக்கும் பொலிஸ்காரரின் வலக்கையில் துப்பாக்கி இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். கால் இடறி நிலை தடுமாறுவது இரண்டாவது. திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது மூன்றாவது. இம்மூன்றிலும் மூளை யோசித்து முடிவெடுப்பதற்கு முன்பே தசை வேலையை முடித்துவிடுகிறது. பெரும்பாலான துப்பாக்கிகளின் விசையை இழுக்கச் சில கிலோ அழுத்தமே போதும். திடுக்கிட்ட கை அதைவிட அதிகமாகவே இறுகும். ஆகவே அவதானமாக இரு என்று சொல்வதில் பயனில்லை. இலக்கைக் குறிபார்த்து முடிக்கும்வரை விரல் விசைக் காப்புக்கு வெளியே, துப்பாக்கியின் உடலோடு நீட்டியபடி இருக்க வேண்டும் என்பதே பயன்தரும் விதி. விரல் உள்ளே இல்லாவிட்டால் இறுகினாலும் ஒன்றுமில்லை.

இந்த விதியையும் சேர்த்து நான்கு விதிகளை இன்றைய வடிவத்தில் பரப்பியவர் அமெரிக்க மரைன் படையின் முன்னாள் அதிகாரி ஜெஃப் கூப்பர் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 1976இல் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கியவர் அவர். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் ரவை நிரம்பியதே. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல் வாய் படக்கூடாது. குறிபார்க்கும்வரை விசையில் விரல் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இவற்றின் சிறப்பு, ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும் என்பதில் இருக்கிறது. வெறுமை என்று நம்பி விசையை அழுத்தியவரின் குழல் நிலத்து மணலை நோக்கியிருந்தால் பெரும் சத்தமும் வெட்கமும் மட்டுமே மிஞ்சும். நான்கிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் குழலின் திசை பற்றிய விதியையே நான் வைத்துக்கொள்வேன். பழுதான துப்பாக்கி, தேய்ந்த பல், மாறிப்போன வரிசை, இறுகிய கை ஆகிய அத்தனையையும் அது ஒன்றே தாங்கும்.

யாழ்ப்பாண நகரத்தில் பொதுமக்களுக்கு மிக அருகில் இருக்கும் துவக்கு, வங்கி வாசலிலும் கன்னாதிட்டி நகைக்கடைகளின் முகப்பிலும் காவலாளியின் மடியில் கிடக்கும் ஷொட்கன்தான். 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின் கீழ் இத்தொழில் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தாலும், நடைமுறையில் அந்தத் துவக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை கைமாறுகிறது. ஆபத்து அதிகமாவதும் அந்தக் கைமாறும் நேரத்தில்தான். கொடுப்பவர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருக்கிறார், வாங்குபவர் இன்னும் வேலைக்குள் மனதைச் செலுத்தவில்லை, இருவருக்கும் இடையே தோட்டா உள்ளே இருக்கிறதா என்ற கேள்விக்கு வாய்ச்சொல்லே விடையாகிறது. முறையான வழி எளிது: கொடுப்பவர் அறையைத் திறந்து காட்டிக் கொடுக்க வேண்டும், வாங்குபவர் தானும் பார்த்தே வாங்க வேண்டும், எவ்வளவு பழகியவராக இருந்தாலும். அண்ணை சொன்னால் சரி என்று வாங்கிக்கொள்ளும் மரியாதைக்கு இங்கே இடமில்லை. அத்துடன் கதிரையில் அமர்ந்து துவக்கை முழங்காலில் குறுக்காக வைப்பதால் அதன் வாய் வரிசையில் நிற்கும் மக்களின் இடுப்புக்கு நேரே வருகிறது என்பதை வங்கிக்குப் போகும் எவரும் கண்டிருப்பர். அந்தக் காவலாளி கூலிக்கு நிற்பவர். அவரை அப்படி உட்காரவைத்த நிறுவனமும், அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகும் முகாமையாளரும் பொறுப்பில் பங்காளிகள் என்றே நான் கருதுகிறேன்.

‘12 போர்’ எனப்படும் அளவுடைய ஷொட்கன் ஒன்றின் குழல் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் அகலமுடையது. சில அடி தூரத்தில் அதன் சன்னங்கள் இன்னும் பரவத் தொடங்காமல் ஒரே திரளாகவே உடலுக்குள் நுழையும். சன்னம்தானே என்ற அலட்சியம் அறைக்குள் செல்லுபடியாகாது. இரட்டைக் குழல் துவக்குகள் பலவற்றில் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே பூட்டுகிறது, உள்ளே விறைத்து நிற்கும் குதிரையைப் பிடிப்பதில்லை. வேலி தாண்டும்போதும், படகில் ஏறும்போதும், வாகனத்திலிருந்து குழலைப் பிடித்துத் தன்பக்கம் இழுக்கும்போதும் பூட்டை நம்பாமல் துவக்கை முறித்துத் திறந்து தோட்டாவை எடுத்துவிடுவதே பழைய வேட்டைக்காரரின் வழக்கம். பார்ப்பவர் எவருக்கும் தூரத்திலிருந்தே அது வெறுமை என்று தெரியும் என்பது முறித்துத் திறக்கும் துவக்கின் பெரிய வசதி.

இந்த வசதி சிறிதும் இல்லாதது இடியன் துவக்கு. குழல் வாய்வழியே மருந்தும் அடைப்பும் சன்னமும் இட்டு, கோலால் இடித்து இறுக்கும் நாட்டுத் துவக்கு. குடாநாட்டுக்குள் அதற்கு வேலை குறைவு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயல் செய்யும் குடும்பங்களுக்குப் பன்றியும் யானையும் அன்றாடப் பிரச்சினை என்பதால் அங்கு அது இன்னும் வாழ்கிறது. அனுமதிப்பத்திரமின்றி ஊர்ப்பட்டறையில் செய்யப்படும் இத்துவக்கின் குழல் சில வேளை வெறும் நீர்க்குழாய். மருந்தின் அளவு கையளவுக் கணக்கு. குதிரையைப் பாதியில் நிறுத்திவைக்கும் வெட்டு தேய்ந்திருக்கும். சுடுபவரின் முகத்திலேயே குழல் பிளப்பதும் நடக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இடித்த மருந்தைச் சுடாமல் வெளியே எடுப்பது கடினம் என்பது. இரவு முழுவதும் பன்றி வராவிட்டால் காலையில் நிரப்பிய துவக்கோடேயே வீடு திரும்புவார்கள், அதைக் கூரை வளையில் செருகி வைப்பார்கள், அடுத்த இரவு வரை அது அங்கே நிரம்பியபடியே கிடக்கும். அடித்தும் உடனே வெடிக்காத துவக்கை எட்டிப் பார்ப்பதும் ஆபத்து. ஈரம் பிடித்த மருந்து மெல்லப் புகைந்து சற்றுத் தாமதித்து வெடிக்கும் இயல்புடையது. குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி ஓரிரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

கட்டுத்துவக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனெனில் மேலே சொன்ன எந்த விதியும் அதற்குப் பொருந்தாது. மிருகம் நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, கம்பி இழுபட்டால் வெடிக்கும்படி விட்டுப்போகும் துவக்கில் இலக்கைப் பார்ப்பதற்குக் கண்ணே இல்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதருக்குப் பெரும்பாலும் காலில் படுகிறது. விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள், தொலைந்த மாட்டைத் தேடுகிறவர்கள் அதற்கு இரையாகிறார்கள். இரும்புத் துண்டும் அடைப்புத் துணியும் மண்ணும் சேர்ந்து காயத்துக்குள் போவதால் கிருமித்தொற்று எளிதில் ஏற்படும், காலை அகற்ற நேர்வதும் உண்டு. காட்டுக்குள் ஏன் போனாய் என்ற கேள்விக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் பிந்திப் போவது இந்தக் காயத்தின் இரண்டாவது ஆபத்து. இரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் பலமாக அமர்த்திப் பிடித்தபடி 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். வடமாகாணத்தில் அச்சேவை 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் தொடக்கிவைக்கப்பட்டது.

வீட்டில் துவக்கு வைத்திருப்போர் இங்கே குறைவு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படைச் சட்டம். 1996இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆனாலும் பயிர்க் காவலுக்காகவும் தற்காப்புக்காகவும் அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள், கடமைத் துப்பாக்கியோடு வீடு வரும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டு. பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், தொடமாட்டான் என்ற பதிலை எடைபோட ஓர் ஆய்வு உதவும். 2001இல் அமெரிக்காவின் அட்லான்டாவில் மருத்துவர்கள் 8 முதல் 12 வயது வரையான ஆண் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விளையாட விட்டு, அங்கு ஒரு லாச்சிக்குள் ரவையற்ற உண்மையான கைத்துப்பாக்கியை மறைத்து வைத்தார்கள். 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன, 10 குழுக்களில் ஒருவராவது விசையை அழுத்தினார். கண்டெடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது விளையாட்டுத் துப்பாக்கியா உண்மையானதா என்று தெரியவில்லை. கையில் எடுத்தவர்களிலும் விசையை அழுத்தியவர்களிலும் 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி பற்றிய பாதுகாப்பு அறிவுரையை ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் பெற்றவர்கள். பிள்ளையின் நல்ல புத்தியை நம்பி அலுமாரியின் மேல் துவக்கை வைப்பது எதற்குச் சமம் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. ரவையகற்றிய ஆயுதத்தைப் பூட்டி, ரவைகளை வேறோர் இடத்தில் தனியே பூட்டி, இரண்டு திறப்பையும் பெரியவர் தன்னோடு வைத்திருப்பதே வீட்டுக்குரிய முறை. 2005இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வும், இவ்வாறு பூட்டியும் பிரித்தும் வைக்கப்பட்ட வீடுகளில் பிள்ளைகளுக்கு நேரும் துப்பாக்கிக் காயங்கள் குறைவு எனக் கண்டது.

ஒருவர் இறந்துவிட்டால் சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவின்படி, கண்மூடித்தனமான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கொல்லும் எண்ணம் இருக்கவில்லை என்பது மட்டும் ஒருவரை விடுவித்துவிடாது. சட்ட வைத்திய அதிகாரி காயத்தைச் சுற்றியுள்ள கரியையும் மருந்துத் துகள்கள் தோலில் பதிந்த புள்ளிகளையும் பார்த்து எவ்வளவு நெருக்கத்தில் சுடப்பட்டது என்று கணிப்பார். புள்ளிகள் இருந்தால் ஏறத்தாழக் கைநீளத் தூரத்துக்குள் குழல் இருந்திருக்கிறது. அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் ஆயுதத்தைச் சோதித்து, அது விசை அழுத்தப்படாமல் வெடிக்கக்கூடியதா என்று சொல்ல முடியும். இந்த இரண்டு அறிக்கைகளும் வருவதற்கு முன் தவறுதலாக நடந்தது என்று எவர் அறிவித்தாலும் அது ஒரு தரப்பின் கூற்று மாத்திரமே. பத்திரிகைகள் அதைக் கூற்றாகவே, சொன்னவரின் பெயரில் எழுத வேண்டும்.

யாருடைய கையிலும் இல்லாமல் மண்ணுக்குள் கிடக்கும் ரவைகளும் குடாநாட்டில் உண்டு. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு, மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் திரும்பியபோது, திரும்பியவர்கள் முதலில் செய்த வேலை பற்றை வெட்டிக் குவித்து எரிப்பதும் கிணறு இறைப்பதும்தான். பழைய காவலரண் இருந்த இடத்தில் குப்பைக்கு நெருப்பு வைத்தால், அடியில் புதைந்த ரவை சூடேறி வெடிக்கும். குழலுக்குள் அடைபடாத ரவையில் சன்னம் துப்பாக்கியிலிருந்து போகும் வேகத்தில் போகாது. ஆனால் கோது கிழிந்து பறக்கும் பித்தளைத் துண்டு கண்ணைப் பறிக்கப் போதுமானது. நெருப்புக்கு அருகே பிள்ளைகள் நிற்காமல் பார்த்துக்கொள்வதும், மேற்பரப்பை முதலில் கூட்டிப் பார்த்துப் பிறகு எரிப்பதும், கூடுமானவரை எரிக்காமல் உக்கவிடுவதும் அத்தகைய காணிகளுக்கு ஏற்ற வழிகள்.

ரவையைவிட மோட்டார் எறிகணையும் கைக்குண்டும் மிதிவெடியும் பலமடங்கு கொடியவை. துருப்பிடித்ததால் செத்துப்போனது என்று நம்பிப் பழைய இரும்புக்காரருக்கு விற்கப் போய் உயிரிழந்தவர்கள் உண்டு. துருவால் ஒரு எறிகணை பலவீனமாவதில்லை, அதன் உள்ளே ஊசியைத் தடுத்து நின்ற சிறு கம்பியோ முளையோதான் முதலில் உக்கிப்போகிறது. ஹலோ ட்ரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் 2002 முதல் இலங்கையில் மிதிவெடி அகற்றி வருகிறது. முகமாலையின் பழைய முன்னரங்கு, இன்று கைமுறையாக அடி அடியாகக் கிண்டிப் பார்க்கப்பட்ட நிலம். 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்துகொண்டது. இருந்தும் தனியார் வளவுகளிலும் தூர்ந்த பதுங்குகுழிகளிலும் பாழ்கிணறுகளிலும் கிடப்பவை வரைபடத்தில் இல்லாதவை. அவற்றைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மண்வெட்டி பிடித்த வீட்டுக்காரரே. அவர் செய்ய வேண்டியது, வெட்டுவதை அந்த இடத்திலேயே நிறுத்தி, வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, சற்றுத் தள்ளி ஒரு கொப்பில் துணி கட்டி அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ 119 என்ற இலக்கத்தில் பொலிஸாருக்கோ அறிவிப்பது. பொருளைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போவது, நல்லெண்ணத்தில் செய்யப்படும் மிக ஆபத்தான உதவி. அறிவித்த பிறகு நீதிமன்ற அனுமதி பெற்று வெடிபொருள் செயலிழக்கும் பிரிவினர் வருவதற்குச் சில நாட்களும் ஆகலாம். அதுவரை அந்த மூலைக்கு ஆடு மாடு போகாதபடி கட்டிவைத்து, மழை வந்தாலும் பயிர் காய்ந்தாலும் அந்தப் பாத்தியைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும்.